சாலை விபத்தும் கடன்சுமையும்: பொறுமை என்பது உரிமையைக் கைவிடுவதல்ல

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



எங்கள் மதரஸாவின் ஹிஃப்ழு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பதினைந்து வயது. பதினொரு ஜுஸ்உகளை மனனம் செய்து முடித்திருந்தான். திடீரென ஒரு நாள் முதல் அவன் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தது. அவன் ஏன் சேர்ந்தான் என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காரணத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

அவனுடைய தகப்பனார் ஷூவின் அப்பர் தைக்கும் சிறு பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்தவர். ஒரு நாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் மொபெட்டில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, வேகமாக வந்த கார் ஒன்று மோதியது. தொடை எலும்பு முறிந்தது. காரை ஓட்டியவர் தப்பி ஓடவில்லை. தாமே தூக்கிச் சென்று அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். 20,000 ரூபாயும் கொடுத்தார். "தெரியாமல் நடந்துவிட்டது, கேஸ் மட்டும் வேண்டாம்" என்று கைகூப்பி நின்றார். உறவினர்கள் கூடினார்கள். என்னையும் அழைத்தார்கள். "ஹஜ்ரத், நடந்தது தக்தீர். கோர்ட்டு, ஸ்டேஷன் என்று அலைய நம்மால் ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் பெரியவர் ஒருவர். மன்னிப்பது சிறந்தது என்று நானும் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளில் சமாதானம் எழுதப்பட்டது. சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். மருத்துவமனையில், வண்டியிலிருந்து தாமே தவறி விழுந்தார் என்று சொல்லப்பட்டது. அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை; ஆனால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பின்னர் வந்த கணக்கு இது. முதல் அறுவை சிகிச்சைக்கு 1,60,000 ரூபாய். உள்ளே வைத்த பிளேட்டில் சீழ் பிடித்ததால் இரண்டாம் அறுவை சிகிச்சைக்கு 70,000. மருந்து, ஸ்கேன், ஆட்டோ, உடனிருந்தவர்களின் உணவு ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 30,000. ஏழு மாதம் வேலைக்குச் செல்ல இயலாததால் இழந்த கூலி, மாதம் 12,000 வீதம் 84,000. மொத்தம் 3,44,000 ரூபாய். கைக்கு வந்தது 20,000. மீதியை மனைவியின் நகைகளும், வாரத் தவணைக்கு வட்டிக் கடன் கொடுப்போரும், இறுதியில் அந்தப் பிள்ளையின் ஹிஃப்ழும் ஈடுசெய்தன.

அந்தக் கையெழுத்து என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டின் துயரமல்ல

சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என நம் ஊர்களை ஊடுருவிச் செல்கிறது. நம் தொழிலுக்கு அது உயிர்நாடி. தோலும் ஷூவும் துறைமுகம் செல்வது அதன் வழியாகத்தான். அதே சாலையைத்தான் விடியற்காலையில் சைக்கிளிலும் மொபெட்டிலும் கம்பெனி வேனிலும் நம் தொழிலாளர்கள் கடக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 11 அன்று நாட்டறம்பள்ளி அருகே, பழுதாகி நின்ற சுற்றுலா வேன்மீது சரக்கு வாகனம் மோதி, நம் பகுதிக் கிராமத்தைச் சேர்ந்த ஏழு பெண்கள் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் அத்தனை வீடுகள் தாயை இழந்தன. 2022-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் அறிக்கைப்படி, நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. அவற்றில் இறந்தோர் 17,884 பேர்.

இறந்தோர் எண்ணிக்கை செய்தியாகிறது. உயிர் பிழைத்துக் கடனாளியாகும் குடும்பங்கள் செய்தியாவதில்லை. விபத்தின் செலவு மருத்துவமனை வாசலோடு முடிவதும் இல்லை. கூலி நிற்கிறது, கவனித்துக்கொள்ள மனைவியோ மகனோ வேலையை விட நேர்கிறது, பள்ளிக் கட்டணம் தவறுகிறது, நகை அடகுக்குப் போகிறது. 2021-ல் வெளியான உலக வங்கியின் ஆய்வொன்று தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் விபத்துக்குள்ளான குடும்பங்களை ஆராய்ந்தது. விபத்தின் சுமை வசதி படைத்தவரைவிட ஏழைகளையே கடுமையாக அழுத்துகிறது என்பதே அதன் சாரம். நம் மஹல்லாவைச் சுற்றி வந்தாலே அது விளங்கும்.

தக்தீரின் பெயரால் ஒரு பிழை

நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்பது நம் ஈமானின் பகுதி. விபத்தில் சிக்கியவர் அதை அல்லாஹ்வின் விதியாக ஏற்றுப் பொறுமை கொள்வது உயர்ந்த பண்பு. ஆனால், நடந்ததை ஏற்பது வேறு. அதன்பின் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை மக்தப் பிள்ளைகள்கூட அறிவார்கள். விபத்துக்கு முன் தலைக்கவசம், ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுத் தாள் ஆகியவை அந்தக் கயிறு. விபத்துக்குப் பின் காவல்துறையில் பதிவு செய்வதும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதும் அதே கயிறுதான்.

கடனை மார்க்கம் எவ்வளவு கனமாகக் கருதுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபியவர்கள் தயங்கியதும், அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அப்படியிருக்க, சட்டம் தரும் ஈட்டுத்தொகையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, ஒரு குடும்பத்தை வட்டிக் கடைக்கு அனுப்பி வைப்பது எப்படிப் பேணுதலாகும்? வட்டியில்லாத வாசலை மூடிவிட்டு வட்டி வாசலைத் திறந்துவிடுகிறோம். அதற்குப் பொறுமை என்று பெயரும் சூட்டுகிறோம்.

மன்னிக்கும் உரிமை யாருக்கு?

"இறந்தவரின் இரத்தத்தை விற்பதா?" என்று சிலர் கேட்கிறார்கள். உணர்வு புரிகிறது; வாதம் சரியல்ல. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், அவருடைய குடும்பத்தாருக்குத் தியத் எனும் ஈட்டுத்தொகை வழங்கப்பட வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் விதிக்கிறது. குடும்பத்தார் தாமே விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. ஆக, ஈட்டுத்தொகை பெறுவது இழிவன்று. அது குர்ஆன் அங்கீகரித்த உரிமை.

மன்னிப்பதும் சிறப்புக்குரியதே. ஆனால், மன்னிக்கும் உரிமை உரியவருக்கு மட்டுமே உண்டு. இறந்தவர் சிறு பிள்ளைகளை விட்டுச் சென்றிருந்தால், அத்தொகையில் அந்த அநாதைகளுக்கும் பங்கு உண்டு. பெரியப்பாவோ, தாய்மாமனோ, ஜமாஅத் தலைவரோ, என்னைப் போன்ற ஓர் ஆலிமோ அந்தப் பங்கைத் தானமாக விட்டுக்கொடுக்க முடியாது. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவருக்குக் குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கையை மிம்பரில் ஓதுகிறோம். உண்பது மட்டும்தான் அநியாயமா? பெருந்தன்மை காட்டுவதாக எண்ணி அடுத்தவருடைய பங்கைத் தாரை வார்ப்பதும் அதன் அருகில்தான் நிற்கிறது.

காயமடைந்தவர் உயிரோடு இருக்கும்போதும் அவசரம் கூடாது. மயக்கம் தெளியாத மனிதரின் சார்பாக உறவினர்கள் எழுதும் சமாதானம், அவருடைய சம்மதமாகாது. எத்தனை மாதம் படுத்திருக்கப் போகிறார் என்பதே தெரியாத முதல் நாளில் விலை பேசுவது, கருவிலிருக்கும் கன்றை விற்பதற்கு ஒப்பானது. தெளிவற்ற வியாபாரத்தை நம் ஃபிக்ஹ் தடுப்பதன் காரணமும் இதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டால் காரோட்டியின் குடும்பம் அழிந்துவிடும் என்று இரக்கப்படுகிறோம். முறையான காப்பீடு உள்ள வாகனமாக இருந்தால், ஈட்டுத்தொகையைச் செலுத்துவது காப்பீட்டு நிறுவனம்தான். அந்த மனிதருக்கு இரக்கம் காட்டுவதற்கும் உரிமையைக் கேட்பதற்கும் இடையே மோதலே இல்லை. இது அன்று எனக்குத் தெரியாது.

எழுதப்படாத உழைப்பு

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதும் அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகராவின் 282-ஆம் வசனத்தை நாம் அழகாக ஓதுகிறோம். நம் தொழில் வட்டாரத்திலோ ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு எந்தத் தாளிலும் எழுதப்படாமல் கிடக்கிறது.

இதன் விலையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். விபத்தில் ஒருவர் இறந்தால், தீர்ப்பாயம் அவருடைய வருமானத்தை அடிப்படையாகக் கொண்டே ஈட்டுத்தொகையைக் கணிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வழங்கிய தீர்ப்புகள் அதற்கான முறையை வகுத்துள்ளன. 34 வயதுத் தொழிலாளி. மாத வருமானம் 15,000 ரூபாய். நம்பியிருப்போர் ஐவர் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக 30,24,000 ரூபாய். இதே மனிதரின் வருமானத்துக்குச் சான்று இல்லாமல், தீர்ப்பாயம் 10,000 ரூபாய் என்று அனுமானித்தால் கிடைப்பது 20,16,000. ஒரு கூலிச் சீட்டு இல்லாததால் அநாதைகள் இழப்பது 10 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்.

பட்டறை நடத்தும் சகோதரர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அதோடு ஒரு சீட்டையும் கொடுங்கள். இயன்றால் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். இஎஸ்ஐ வரம்புக்குள் வரும் நிறுவனமாயின் தொழிலாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் அதில் சேரலாம். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேலையின்போது நேர்ந்த காயமாகவே கருத வேண்டும் என்று 2010-ல் இஎஸ்ஐ சட்டம் திருத்தப்பட்டது. பெயர் பதிவாகாத தொழிலாளிக்கு இந்த வாசல் மூடியே கிடக்கும்.

காப்பீடு குறித்த தயக்கம்

காப்பீட்டில் வட்டியும் தெளிவின்மையும் இருப்பதால் பல உலமாக்கள் அதை மறுக்கிறார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் 1985-ல் வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. மலேசியா 1984-லேயே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய வாகனக் காப்பீடு இல்லை.

நான் முஃப்தி அல்லன். இதில் என் கருத்தை மட்டும் சொல்கிறேன். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வாகனத்தைச் சாலையில் இறக்குவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டதை நிர்ப்பந்தமாகக் கருதி ஆலிம்கள் பலர் அனுமதிக்கிறார்கள். மேலும், அந்தத் தாள் நம் இலாபத்துக்கானதன்று. நம் வண்டியால் காயமடையக்கூடிய முன்பின் அறியாத ஒருவரின் உரிமைக்கானது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான சாதாரண இருசக்கர வாகனத்துக்கு 2022-ல் அறிவிக்கப்பட்ட ஓராண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 714 ரூபாய். அதை மிச்சப்படுத்தப் போய், பல லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகைக்குத் தம் வீட்டை இழக்கும் நிலைக்கு ஒருவர் வரலாம். பேணுதலால் அல்லாமல் மறதியாலேயே பலருடைய காப்பீடு காலாவதியாகிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே வழங்கப்படுகிறது. ஐந்தாண்டு கழிந்ததை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. இன்றே தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

ரமளான் இரவுகளில் தராவீஹுக்குப் பின் உரிமம் இல்லாத பிள்ளைகளிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் தகப்பன்மாரும் சிந்திக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லாதபோது, பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயங்கள் அனுமதிப்பதுண்டு. அப்போது உரிமம் உள்ள உறவினர் ஒருவரை "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்ல வைப்பது பொய்ச்சாட்சி. நடக்காத விபத்தை நடந்ததாகக் காட்டி ஈட்டுத்தொகை பெறுவதும் ஹராம். உரிமையைக் கேட்பவனின் நாவு உண்மையாக இருக்க வேண்டும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

விபத்து நேர்ந்தவுடன் 108-ஐ அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மோதிய வாகனத்தின் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். தொடக்கத்தில் இதன் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம், ஏழு நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. எனவே, எந்த மருத்துவமனை இத்திட்டங்களில் உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்து வையுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதியுள்ள குடும்பங்கள் அதையும் பெற்று வையுங்கள்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் அதன் நகலைப் பெறுங்கள். மருந்துச் சீட்டு முதல் ஆட்டோ வாடகை வரை ஒவ்வொரு ரசீதையும் ஒரே கோப்பில் சேருங்கள். இழப்பீட்டு மனுவை, நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கான காலவரம்பு ஆறு மாதம். இவ்வரம்பு குறித்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவற்றை நம்பித் தாமதிப்பது அறிவுடைமையன்று. மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சமும் கடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்க சட்டத்தில் இடமுண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றியே இலவச சட்ட உதவி உண்டு.

ஜமாஅத்தின் பொறுப்பு

இத்தனையையும் மகனின் படுக்கையருகே அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய் தனியாகச் செய்ய முடியுமா? முடியாது. நம் மார்க்கம் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

தவறுதலாக ஓர் உயிர் போனால், தியத்தை அந்தத் தனிமனிதர் மீது மட்டும் ஷரீஅத் சுமத்தவில்லை. அவரைச் சார்ந்த கூட்டத்தார் அதைப் பகிர்ந்து, மூன்று ஆண்டுகளில் தவணையாகச் செலுத்த வேண்டும் என்று வகுத்தது. அக்கூட்டத்துக்கு ஆகிலா என்று பெயர். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஒரே பதிவேட்டில் இருந்தவர்கள் இரத்த உறவினராக இல்லாவிட்டாலும் ஆகிலாவாகக் கருதப்பட்டார்கள் என்பது ஹனஃபி ஃபிக்ஹின் நிலைப்பாடு. ஒருவருடைய விபத்தின் பாரத்தைப் பலர் சுமக்கும் ஏற்பாட்டை நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இன்று நம் மஹல்லாவில் அந்தப் பதிவேடு எங்கே?

திருமணப் பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு ஜமாஅத்தும் விபத்து உதவிக்கென ஒரு சிறு குழுவை அமைக்கலாம். சட்டமும் மருத்துவத் திட்டங்களும் அறிந்த இரண்டு இளைஞர்கள் போதும். விபத்துச் செய்தி வந்ததும் மருத்துவமனைக்கு ஒருவர், காவல் நிலையத்துக்கு ஒருவர் செல்லட்டும். முதல் வாரச் செலவுக்கு பைத்துல்மாலிலிருந்து கர்ழே ஹஸனா எனும் வட்டியில்லாக் கடன் கிடைக்கட்டும். இழப்பீடு வந்ததும் திருப்பிச் செலுத்தட்டும். அதையும் மீறிக் கடனில் மூழ்கியவரை ஸகாத்தால் மீட்கலாம். அத்தவ்பாவின் 60-ஆம் வசனம் எண்ணும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உள்ளனர். ரமளானில் நம் ஊர்களின் ஸகாத்தைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், கொடுப்போம். பக்கத்துத் தெருவில் வாரத் தவணைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பத்தையும் அந்தப் பட்டியலில் சேர்ப்போம்.

இது நம்மால் ஆகாத காரியமன்று. 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியும், 1924-ல் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் தோன்றிய மண் இது. தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்காக அள்ளி வழங்கிய முன்னோரின் பிள்ளைகள் நாம். ஒரு கோப்பும், ஒரு தொலைபேசி எண்ணும், ஒரு சிறு நிதியும் நமக்குப் பெரிதல்ல.

அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். தகப்பனார் ஊன்றுகோலோடு நடமாடுகிறார். என்மீது அவருக்குக் கோபம் இல்லை. "ஹஜ்ரத், தேநீர் குடியுங்கள்" என்று உபசரித்தார். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நான் சாட்சிக் கையெழுத்திட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து வட்டிக் கடனை அடைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறோம். பையன் இப்போது மஃக்ரிபுக்குப் பின் மட்டும் வந்து ஓதுகிறான். பன்னிரண்டாம் ஜுஸ்உவைத் தொடங்கியிருக்கிறான். பகல் வகுப்புக்கு அவன் திரும்பும் நாளுக்காக அவனுடைய ரெஹாலை அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களைப் பாதுகாப்பாயாக. காயமுற்றோருக்கு ஷிஃபாவை அருள்வாயாக. கடன்பட்டோரின் சுமையை இறக்கி வைப்பாயாக. உரியவருக்கு உரியதைச் சேர்ப்பிக்கும் தைரியத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.